இல்லத்தரசியின் முதுமைக்கு யார் சேமிப்பது? – வாசகர் கேள்வி பதில்

இம்முறை வந்த கடிதங்களில் நான்கு ஒரே கவலையைச் சுற்றியே எழுதப்பட்டிருந்ததால், மற்றவற்றை அடுத்த இதழுக்கு ஒதுக்கிவிட்டு இவற்றை மட்டும் எடுத்துக்கொண்டேன். கீழே சொல்லப்படும் வட்டி விகிதங்களை அரசு மூன்று மாதங்களுக்கு ஒருமுறை மறுபரிசீலனை செய்கிறது. ஆகவே கணக்குத் தொடங்கும் நாளில் அஞ்சலகத்திலோ வங்கியிலோ ஒருமுறை கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள்.

கேள்வி: எனக்கு வயது 42. கணவருக்கு 47. பின்னலாடை நிறுவனம் ஒன்றில் கணக்குப் பிரிவில் இருக்கிறார்; மாதச் சம்பளம் 65,000 ரூபாய். 30 வயதில் வேலைக்குச் சேர்ந்ததிலிருந்து பி.எஃப். பிடிக்கிறார்கள். மகள் பத்தாம் வகுப்பு, மகன் ஏழாம் வகுப்பு. திருமணத்துக்குப் பிறகு நான் வேலைக்குப் போகவில்லை. வீடு, வங்கிச் சேமிப்பு, காப்பீட்டு பாலிசி எல்லாமே அவர் பெயரில்தான். கேட்டதற்கு இல்லை என்று அவர் சொன்னதே இல்லை. இருந்தாலும், வருமானமே இல்லாத என்னைப் போன்றவளுக்கு ஓய்வூதியம் என்று ஏதாவது உண்டா? வீட்டுச் செலவில் மிச்சம் பிடித்து, சிறுவாடாக 38,000 ரூபாய் அரிசி டிரம்முக்குள் வைத்திருக்கிறேன். அதை என்ன செய்யலாம்?
– வாசகி, திருப்பூர்

பதில்: முதலில், 'வருமானமே இல்லாத' என்று நீங்கள் எழுதியிருப்பதைப் பற்றி ஒரு வார்த்தை. மத்திய அரசு 2024இல் நடத்திய நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பின்படி, ஊதியமில்லாத வீட்டு வேலையில் ஈடுபடும் பெண்கள் அதற்காக நாளொன்றுக்கு 289 நிமிடங்கள் செலவிடுகிறார்கள். அவ்வேலையில் ஈடுபடும் ஆண்கள் செலவிடுவது 88 நிமிடங்கள். 2023 ஜூனில் சென்னை உயர் நீதிமன்றத்தில் நீதிபதி கிருஷ்ணன் ராமசாமி வழங்கிய தீர்ப்பொன்று, கணவர் சம்பாதித்து வாங்கிய சொத்தில், வீட்டைக் கவனித்துக்கொண்டதன் மூலம் மனைவியும் பங்களித்திருக்கிறார் என்பதை ஏற்றுக்கொண்டு, அவருக்குச் சரிபாதி உரிமை உண்டு என்றது. அந்தச் சம்பளத்தில் உங்கள் உழைப்பும் கலந்திருக்கிறது. எனவே உங்கள் முதுமைக்காக மாதம் ஒரு தொகையைக் கேட்பதற்கு நீங்கள் தயங்க வேண்டியதில்லை.

அடுத்து, நீங்கள் கேட்காத கேள்விக்கு வருகிறேன். உங்கள் கணவர் உங்களைவிட 5 வயது மூத்தவர். பொதுவாகவே பெண்களின் ஆயுள் ஆண்களைவிடச் சற்று நீளமானது. இரண்டையும் சேர்த்துப் பார்த்தால், நீங்கள் தனியாக வாழ நேரும் ஆண்டுகள் எட்டோ பத்தோ இருக்கலாம். 'அவர் ஓய்வு பெற்றதும் பி.எஃப். பணமும் பென்ஷனும் வரும், அதில் இருவரும் காலம் தள்ளிவிடலாம்' என்று போடும் கணக்கு, இருவரும் இருக்கும் காலத்துக்கு மட்டுமே பொருந்தும்.

அவருடைய பென்ஷனையே எடுத்துக்கொள்வோம். தனியார் நிறுவன ஊழியர்களுக்கான 1995ஆம் ஆண்டு ஓய்வூதியத் திட்டத்தில், சம்பளம் எவ்வளவு இருந்தாலும் கணக்கில் எடுத்துக்கொள்ளும் உச்சவரம்பு 15,000 ரூபாய்தான். 58 வயது வரை அவருக்கு 28 ஆண்டு பணி. 20 ஆண்டுகளுக்கு மேல் பணியாற்றியவர்களுக்குத் தரும் 2 ஆண்டு போனஸைச் சேர்த்தால் 30 ஆகும். திட்டத்தின் கணக்கு முறைப்படி 15,000ஐ 30ஆல் பெருக்கி 70ஆல் வகுத்தால் மாதம் சுமார் 6,428 ரூபாய் வரும். 2014 செப்டம்பருக்கு முந்தைய பணிக்காலத்துக்குப் பழைய, குறைந்த வரம்பே பொருந்துவதால் உண்மையில் இதைவிடக் குறைவாகத்தான் கிடைக்கும். அவர் காலத்துக்குப் பிறகு உங்களுக்கு வருவது அதில் பாதி. அதாவது மாதம் 3,200 ரூபாய்க்கும் குறைவு. இன்றைக்கே அது ஒரு மாத மளிகைக்கும் மருந்துக்கும் போதாது.

ஆகவே உங்கள் பெயரில், உங்கள் கையெழுத்தில் ஒரு கணக்கு வேண்டும். உங்கள் நிலையில் நான் முதலில் சொல்வது பி.பி.எஃப். எனப்படும் பொது சேமநல நிதி. இதற்குச் சம்பளச் சான்று எதுவும் தேவையில்லை. ஆதார், பான் அட்டை, புகைப்படம் போதும். ஆண்டுக்குக் குறைந்தது 500 ரூபாய், அதிகபட்சம் ஒன்றரை லட்சம் ரூபாய் வரை கட்டலாம். 15 ஆண்டு முடிந்ததும் ஐந்தைந்து ஆண்டுகளாக நீட்டித்துக்கொள்ளலாம். வட்டி 7.1 சதவீதம்; அதற்கு வரி கிடையாது. உங்கள் கணக்கில் கணவர் பணம் போடுவதற்குத் தடை ஏதும் இல்லை. அவர் பழைய வரி முறையில் இருந்தால் அந்தத் தொகைக்கு அவரே விலக்கும் கோரலாம்.

மாதம் 5,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். கணவருக்குச் சம்பளம் வரப்போவது இன்னும் 11 ஆண்டுகள்தான். அந்த 11 ஆண்டுகள் மட்டும் மாதந்தோறும் கட்டிவிட்டு, பிறகு கணக்கு செயலிழக்காமல் இருக்க ஆண்டுக்கு 500 ரூபாயை மட்டும் போட்டுவந்தாலும், இதே வட்டி நீடிக்கும் பட்சத்தில் உங்களுடைய 62ஆவது வயதில் சுமார் 18 லட்சம் ரூபாய் இருக்கும். அதை அப்படியே மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டத்தில் போட்டால், இன்றைய 8.2 சதவீத வட்டிக்கு மூன்று மாதத்துக்கு ஒருமுறை 36,900 ரூபாய், அதாவது மாதத்துக்கு 12,300 ரூபாய் உங்கள் கைக்கு வரும். 20 ஆண்டு கழித்து 12,300 ரூபாய்க்கு இன்றைய மதிப்பு இருக்காது என்பதையும் சொல்லியாக வேண்டும். அதனால்தான் 5,000 என்பதை நிலையான தொகையாக வைத்துக்கொள்ளாமல், கணவருக்குச் சம்பளம் உயரும் ஒவ்வொரு முறையும் 500, 1,000 என்று கூட்டிக்கொண்டே போங்கள். பி.பி.எஃப். வட்டியை 5ஆம் தேதிக்கும் மாதக் கடைசிக்கும் இடையே கணக்கிலிருக்கும் குறைந்தபட்ச இருப்புக்குத்தான் கணக்கிடுகிறார்கள் என்பதால், ஒவ்வொரு மாதமும் 5ஆம் தேதிக்குள் பணத்தைக் கட்டிவிடுங்கள்.

இதனோடு தேசிய ஓய்வூதியத் திட்டத்தில் ஒரு சிறு தொகையைப் போட்டுவந்தால் நல்லது. சம்பளம் இல்லாதவர்களும் இதில் சேரலாம். ஆண்டுக்குக் குறைந்தபட்சம் 1,000 ரூபாய் கட்ட வேண்டும். பணத்தின் ஒரு பகுதி பங்குச் சந்தைக்குப் போவதால் ஏற்ற இறக்கம் இருக்கும். ஆனால் உங்களுக்கு 60 வயதாகும் வரையிலான 18 ஆண்டுக் காலத்தில் விலைவாசியைத் துரத்திப் பிடிக்க அப்படி ஒரு பகுதி தேவைதான். முடிவில் ஒரு பங்கை, ஆயுள் முழுவதும் மாதாமாதம் பணம் தரும் ஓய்வூதியத் திட்டத்தில் போட வேண்டும் என்ற நிபந்தனையைச் சிலர் குறையாகச் சொல்வார்கள். வயதான பெண்ணிடம் மொத்தமாகப் பணம் இருந்தால் அதைக் கேட்டு வருபவர்கள் எத்தனை பேர் என்பதைப் பார்த்திருக்கிறேன். ஆகவே அந்த நிபந்தனையை நான் நிறையாகவே கருதுகிறேன்.

அடுத்தது நாமினி. இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. என் சித்தப்பா இறந்தபோது சித்திக்கு வயது 55. காரியம் முடிந்த மறுவாரம் பீரோவின் லாக்கரைத் திறந்தோம். ரப்பர் பேண்ட் போட்டுக் கட்டியிருந்த மூன்று பாஸ்புக்குகள், ஒரு காப்பீட்டு பாலிசி, பி.எஃப். சீட்டு ஒன்று. எல்லாவற்றிலும் நாமினி என்ற இடத்தில் இருந்தது, சித்தப்பாவின் தாயார் பெயர். அந்தப் பாட்டி காலமாகிப் பத்து ஆண்டுகள் ஆகியிருந்தன. திருமணத்துக்கு முன்பு எழுதிக் கொடுத்ததை அவர் மாற்றவே இல்லை, மறந்துவிட்டார், அவ்வளவுதான். வாரிசுச் சான்றிதழ், உறுதிமொழிப் பத்திரம் என்று மஞ்சள் துணிப்பையில் காகிதங்களைச் சுமந்துகொண்டு சித்தி ஒவ்வோர் அலுவலகமாக ஏறி இறங்கினார். கடைசிக் காசோலை கைக்கு வர 14 மாதங்கள் ஆயின. பி.எஃப். விதிப்படி, திருமணத்துக்கு முன் செய்த நாமினி நியமனம் திருமணம் ஆனதும் செல்லாததாகிவிடும். புதிதாகத்தான் நியமிக்க வேண்டும். உங்கள் கணவரிடம் யு.ஏ.என். எனப்படும் பி.எஃப். உறுப்பினர் எண்ணும் ஆதாருடன் இணைந்த செல்பேசியும் இருந்தால், பி.எஃப். இணையதளத்தில் அரை மணி நேரத்தில் இதை முடித்துவிடலாம். இந்த ஞாயிற்றுக்கிழமையே அவரோடு உட்கார்ந்து செய்துவிடுங்கள். வங்கிக் கணக்கை 'இருவரில் எவரேனும் அல்லது உயிருடன் இருப்பவர்' என்ற முறையில் கூட்டுக் கணக்காக மாற்றச் சொல்லுங்கள்.

இனி அரிசி டிரம்முக்குள் இருக்கும் 38,000 ரூபாய். 2016 நவம்பர் 8ஆம் தேதி இரவு 500, 1,000 ரூபாய் நோட்டுகள் செல்லாது என்று அறிவிக்கப்பட்டபோது, ஆண்டுக்கணக்கில் யாருக்கும் தெரியாமல் சேர்த்த சிறுவாட்டை எத்தனை பெண்கள் குற்றம் செய்தவர்களைப் போலத் தயங்கித் தயங்கி வெளியே எடுத்து வைத்தார்கள் என்பது எல்லோருக்கும் நினைவிருக்கும். சிறுவாடு சேர்ப்பது நல்ல பழக்கம். ஆனால் டிரம்முக்குள் இருக்கும் பணம் ஆண்டுதோறும் மதிப்பை இழந்துகொண்டே இருக்கிறது. அதில் 8,000 ரூபாயை அவசரத்துக்கு வைத்துக்கொண்டு, 30,000 ரூபாயை பி.பி.எஃப். கணக்கின் முதல் தவணையாகக் கட்டிவிடுங்கள். மேற்கொண்டு சேரும் சிறுவாட்டுக்கு அஞ்சலகத்தில் மாதம் 100 ரூபாயிலிருந்தே தொடங்கக்கூடிய தொடர் வைப்பு இருக்கிறது.

கேள்வி: வயது 50. மளிகை மொத்த வியாபாரம். வங்கியில் ஓவர்டிராஃப்ட் உண்டு. மனைவிக்கு வயது 46, இல்லத்தரசி. அவர் பெயரில் 10 லட்சம் ரூபாயை எஃப்.டி. போட்டுவிட்டால் அந்த வட்டிக்கு நான் வரி கட்ட வேண்டியதில்லை, அவருடைய பிற்காலத்துக்கும் ஆகும் என்று நண்பர் ஒருவர் சொல்கிறார். சரியா?
– வாசகர், விருதுநகர்

பதில்: நண்பர் சொன்னதில் முதல் பாதி தவறு, இரண்டாம் பாதி சரி. மனைவிக்கு நீங்கள் பணம் கொடுப்பதற்கு வரி கிடையாது. ஆனால் அந்தப் பணம் ஈட்டும் வருமானத்தை உங்கள் வருமானத்தோடு சேர்த்துத்தான் வரி கணக்கிட வேண்டும் என்று வருமான வரிச் சட்டம் சொல்கிறது. வட்டி 7 சதவீதம் என்றால், முதலாண்டு வட்டியான 70,000 ரூபாய் உங்கள் வரிக்கணக்கில்தான் சேரும். அந்த 70,000 ரூபாயை அவர் மறுபடியும் முதலீடு செய்து அதற்கு வட்டி வந்தால், அந்த வட்டிதான் அவருடைய வருமானம். அதனால் வரியை மிச்சப்படுத்தும் வழியாக இதைப் பார்க்காதீர்கள். வரி நீங்களே கட்டினாலும் பணம் அவருடையதாகிறது என்பதற்காகவே இதைச் செய்யலாம், செய்ய வேண்டும்.

ஒட்டுமொத்தமாக எஃப்.டி.யில் போடாமல், ஆண்டுக்கு ஒன்றரை லட்சம் வீதம் அவருடைய பி.பி.எஃப். கணக்கில் ஏப்ரல் 5ஆம் தேதிக்குள் கட்டிவாருங்கள். அதன் வட்டிக்கு வரி இல்லாததால், உங்கள் வருமானத்தோடு சேர்த்தாலும் உங்களுக்குச் சுமை இல்லை. 15 ஆண்டுகள் விடாமல் கட்டினால், இன்றைய வட்டியில் சுமார் 40 லட்சத்து 68 ஆயிரம் ரூபாய் சேரும். வியாபாரிகளுக்கு இதில் இன்னொரு பாதுகாப்பும் உண்டு. பி.பி.எஃப். இருப்பைக் கடன் கொடுத்தவர்கள் நீதிமன்ற ஆணை பெற்று ஜப்தி செய்ய முடியாது.

ஓவர்டிராஃப்ட் இருக்கிறது என்று எழுதியிருக்கிறீர்கள். உங்களுக்கு ஏதேனும் நேர்ந்தால் முதலில் வந்து நிற்பது அந்தக் கடன்தான். ஆகவே 1874ஆம் ஆண்டின் திருமணமான பெண்கள் சொத்துரிமைச் சட்டத்தை நீங்கள் அவசியம் தெரிந்துகொள்ள வேண்டும். ஒன்றரை நூற்றாண்டு பழைய சட்டம். ஆனால் நம் ஊர்க் கடைத்தெருக்களில் இதை அறிந்தவர்கள் மிகக் குறைவு. இந்தச் சட்டத்தின் ஆறாம் பிரிவின்படி, மனைவியின் நலனுக்காக என்று குறிப்பிட்டு நீங்கள் ஆயுள் காப்பீடு எடுத்தால், அந்த பாலிசித் தொகை உங்கள் சொத்தில் சேராது. மனைவிக்கென்று பொறுப்பில் வைக்கப்பட்ட (டிரஸ்ட்) சொத்தாகவே அது கருதப்படும். கடன் கொடுத்தவர்கள் அதில் கை வைக்க முடியாது. பிற உறவினர்களும் பங்கு கேட்க முடியாது. பாலிசி எடுக்கும்போதே விண்ணப்பத்துடன் இதற்கான தனிப் படிவத்தைக் கொடுத்துவிட வேண்டும். எடுத்த பிறகு மாற்றிக்கொள்ளலாம் என்று விட்டுவிடாதீர்கள். உங்கள் கடனை முழுவதும் அடைத்த பிறகும் மனைவிக்கு மிஞ்சும் அளவுக்கு ஒரு டேர்ம் பாலிசியை (பாலிசிக் காலத்துக்குள் இறந்தால் மட்டும் தொகை தரும் ஆயுள் காப்பீட்டை) இந்தச் சட்டத்தின் கீழ் எடுங்கள்.

ஒரு வேண்டுகோள். மனைவி பெயரில் கணக்கைத் தொடங்கிவிட்டு, பாஸ்புக்கையும் காசோலைப் புத்தகத்தையும் கடையின் கல்லாப்பெட்டியில் வைத்துக்கொள்ளும் வழக்கம் நம் வணிகக் குடும்பங்களில் இருக்கிறது. சரக்குக்குப் பணம் குறையும்போதெல்லாம் அவரிடம் ஒரு கையெழுத்தை வாங்கி அந்தப் பணத்தைத் திருப்பிவிடுவதற்கு அது வசதியாகப் போய்விடும். பாஸ்புக் அவரிடமே இருக்கட்டும்.

கேள்வி: எனக்கு வயது 61. கணவருக்கு 67. மகன்கள் இருவரும் வெளிநாட்டில். மனை ஒன்றை விற்றதில் 40 லட்சம் ரூபாய் வந்திருக்கிறது. அவர் தன் பெயரில் மூத்த குடிமக்கள் திட்டத்தில் 30 லட்சமும், மீதியை வங்கியிலும் போடப் போகிறார். என் பெயரை இரண்டாவதாகச் சேர்த்துக்கொள்வதாகச் சொல்கிறார். அது போதாதா?
– வாசகி, கும்பகோணம்

பதில்: போதாது, அம்மா. இந்தத் திட்டத்தில் ஒருவர் 30 லட்சம் ரூபாய் வரை போடலாம். கணவன், மனைவி இருவருக்கும் 60 வயது கடந்திருந்தால் இருவரும் தனித்தனியாகப் போட முடியும். கூட்டுக் கணக்கு என்றாலும் அதிலுள்ள முதலீடு முதல் பெயருக்குரியவருடையதாகவே கருதப்படும். எனவே 20 லட்சம் அவர் பெயரில், 20 லட்சம் உங்கள் பெயரில் என்று பிரித்து, ஒருவர் கணக்குக்கு மற்றவர் நாமினியாக இருங்கள். இப்படிப் பிரித்தால் ஏப்ரல், ஜூலை, அக்டோபர், ஜனவரி மாதங்களின் தொடக்கத்தில் ஆளுக்கு 41,000 ரூபாய் வட்டி வரும். மொத்தப் பணத்தையும் ஒரே திட்டத்தில் முடக்க வேண்டாம் என்று தோன்றினால், ஆளுக்கு 15 லட்சம் இதில் போட்டுவிட்டு, 10 லட்சத்தை அவசர மருத்துவச் செலவுக்கு எடுக்கக்கூடிய வகையில் வங்கியில் கூட்டு வைப்பாக வைத்துக்கொள்ளுங்கள். மனை அவர் பெயரில் இருந்திருந்தால், உங்களுக்கு வரும் வட்டியும் வரிக்கணக்கில் அவர் வருமானத்தோடு சேரும். அதை அவரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

உங்கள் வட்டி வந்து சேரும் கணக்கு உங்களுடையதாக இருக்கட்டும், அதன் ஏ.டி.எம். அட்டையை நீங்களே பயன்படுத்திப் பழகுங்கள். 2024 ஜூலையில் உச்ச நீதிமன்ற நீதிபதி பி.வி.நாகரத்னா ஒரு ஜீவனாம்ச வழக்கின் தீர்ப்பில், இல்லத்தரசிகளுக்குக் கணவர்கள் கூட்டு வங்கிக் கணக்கும் ஏ.டி.எம். வசதியும் ஏற்படுத்தித் தர வேண்டியதன் தேவையை எடுத்துச் சொன்னார். 61 வயதில் இயந்திரத்தின் முன்னால் முதல் முறை நிற்கும்போது கை நடுங்கும். முதல் நாள் 500 ரூபாய் மட்டும் எடுங்கள். கணவர் பக்கத்தில் நிற்கட்டும், ஆனால் பொத்தானை நீங்களே அழுத்துங்கள். அவர் உடனிருக்கும்போதே இதையெல்லாம் கற்றுக்கொள்வதுதான் எளிது.

கேள்வி: 30 வயது. தனியார் பள்ளியில் 14,000 ரூபாய் சம்பளத்தில் 6 ஆண்டுகள் ஆசிரியையாக இருந்தேன். குழந்தை பிறந்ததால் வேலையை விட்டுவிட்டேன். பி.எஃப். பணத்தை எடுத்து நகை வாங்கலாம் என்று வீட்டில் சொல்கிறார்கள். எடுக்கலாமா?
– வாசகி, நாகர்கோவில்

பதில்: எடுக்காதீர்கள். வேலையை விட்டாலும் உங்கள் பி.எஃப். கணக்குக்கு வட்டி சேர்ந்துகொண்டே இருக்கும். பணத்தைவிட முக்கியமானது அந்த 6 ஆண்டுப் பணிக்காலம். ஓய்வூதியம் பெறக் குறைந்தது 10 ஆண்டுப் பணி வேண்டும். ஓய்வூதியப் பங்கையும் சேர்த்து எடுத்துவிட்டால் அந்த 6 ஆண்டுகள் அழிந்துபோகும். அதற்குப் பதிலாக, படிவம் 10சி மூலம் 'திட்டச் சான்றிதழ்' கேட்டு வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். குழந்தை பள்ளிக்குப் போகத் தொடங்கியதும் பி.எஃப். பிடிக்கும் எந்த நிறுவனத்தில் வேலைக்குச் சேர்ந்தாலும், பழைய 6 ஆண்டுகளோடு புதிய பணிக்காலமும் சேர்ந்துகொள்ளும். இன்னும் 4 ஆண்டு வேலை பார்த்தால் ஓய்வூதியத்துக்குத் தகுதி வந்துவிடும்.

அதுவரைக்கும் உங்கள் வயதுக்குப் பொருத்தமானது அடல் ஓய்வூதியத் திட்டம். 18 முதல் 40 வயது வரை உள்ளவர்கள் இதில் சேரலாம் (திருப்பூர் வாசகிக்கு இதைச் சொல்ல முடியாமல் போனதற்கு அந்த வயது வரம்புதான் காரணம்). 2022 அக்டோபர் முதல், வருமான வரி செலுத்துபவர்களும் முன்பு செலுத்தியவர்களும் இதில் சேர முடியாது. உங்கள் சம்பளத்துக்கு வரி வந்திருக்காது என்பதால் உங்களுக்குத் தடையில்லை. 30 வயதில் சேர்ந்தால் மாதம் 577 ரூபாய் கட்ட வேண்டும். 60 வயதிலிருந்து மாதம் 5,000 ரூபாய் ஓய்வூதியத்துக்கு அரசு உத்தரவாதம் தருகிறது. உங்களுக்குப் பிறகு அதே தொகை கணவருக்குக் கிடைக்கும். இருவருக்கும் பிறகு நாமினிக்குச் சுமார் எட்டரை லட்சம் ரூபாய் போய்ச் சேரும். சேரும் வயது கூடக்கூட மாதத் தொகையும் ஏறும்; 35இல் சேர்ந்தால் 902 ரூபாய், 40இல் 1,454 ரூபாய். உங்கள் சேமிப்புக் கணக்கு இருக்கும் வங்கிக் கிளையிலேயே விண்ணப்பம் கிடைக்கும். மாதத் தவணை கணக்கிலிருந்து தானாகப் பிடித்தமாகும் என்பதால், பிடித்தம் செய்யும் தேதியில் கணக்கில் 600 ரூபாய் இருக்கும்படி பார்த்துக்கொள்ளுங்கள். நகையை அடுத்த ஆண்டு வாங்கிக்கொள்ளலாம் என்று வீட்டில் சொல்லிவிடுங்கள்.